போஸ்டரில் என் நம்பர்

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போன என் அன்பு மச்சான் எத்திராஜுக்கு,

இன்றைக்கும் போன் வந்தது. கம்பெனியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா, குரலைக் கேட்டாலே நல்ல வயசு தெரிகிறது. "அலோ, லைப்ரரிங்களா? இலவசமா கண்ணு பாக்கறாங்களாமே, எந்தக் கிழமைங்க?" என்று கேட்டார். அந்த மாசமே முடிந்துபோய்விட்டதம்மா, அதில் கண் பரிசோதனை எதுவும் கிடையாது என்றேன். "இல்லீங்களே, எத்திராஜ் சார் கண்டிப்பா வெப்பேன்னு சொன்னாரே" என்றார்.

சொல்லியிருப்பாய். யாரிடம்தான் எதைத்தான் சொல்லாமல் போனாய்? உன் தங்கச்சி சரளாவிடமும் என்னிடமும் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் உனக்கு நேரமில்லை.

எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் தணியவில்லை, மச்சான். வீட்டில் சொன்னால் சரளா அழுதுவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

டெலிபோன் ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆனவன், கல்யாணம் காட்சி இல்லாதவன், நம் வீட்டு மாடி ரூமில் பேப்பரும் ரேடியோவுமாக நிம்மதியாக இருந்திருக்கலாம். காலையில் நூலகத்துக்குப் போனோமா, மத்தியானம் சாப்பிட வந்தோமா என்று இருந்திருக்கலாம். உனக்கு அது போதவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்புவதற்குள் நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்களே, இரவு எட்டு மணி வரை திறந்து வைத்தால் என்ன என்று ஆரம்பித்தாய். மேலிடத்தில், ஜனங்கள் வந்தால் பார்க்கலாம் என்றார்களாம். உடனே நூலகர் ரூபா மேடத்தைப் பிடித்து, ஒரு மாசம் தினமும் சாயங்காலம் ஒரு நிகழ்ச்சி, எல்லாம் இலவசம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஏற்பாடு செய்தாய். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் பேச்சு. பிள்ளைகளுக்குக் கதை. செல்போன் பழக்க ஒரு வகுப்பு. கன்னடம் பேசத் தெரிந்து எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒரு வகுப்பு. செஸ். யோகா. இன்னும் என்னென்னவோ.

ஜீவனஹள்ளி முழுக்க நீயே நடந்து போஸ்டர் ஒட்டினாய். ஒட்டிவிட்டு வந்து காபி குடித்தாய். நெஞ்சைப் பிசைகிறது என்று படுத்தாய். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அந்தப் போஸ்டரை நின்று படித்ததே உன் காரியத்துக்குச் சாமான் வாங்கப் போனபோதுதான். மார்க்கெட் சுவரில் இருந்தது. 'விவரங்களுக்கு' என்று போட்டு அடியில் இருந்தது என் நம்பர். உன் நம்பர் அல்ல, என் நம்பர்! பிறகு ரூபா மேடத்தைக் கேட்டேன். "என் மச்சான் பொறுமைசாலி மேடம், நிதானமா பதில் சொல்வான்னு சொன்னாரு சார்" என்றார். நான் பொறுமைசாலியா? இத்தனை வருஷம் பழகியும் இவ்வளவுதான் என்னைத் தெரிந்துவைத்திருக்கிறாய்.

காரியம் முடிந்த மறுநாள் ரூபா மேடம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "தயாளன் சார், நடத்தறதா, விட்டுபிடோதா?" என்று கேட்டார். விட்டுவிடலாம் மேடம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து சரளாவின் குரல் வந்தது.

"நடத்தணும். எங்கண்ணன் ஒட்டின போஸ்டர் அது. கிழிக்கவா சொல்றீங்க?"

அவள் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே சொன்னாள். நீ போனதிலிருந்து அவள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நடத்துவோம் மேடம் என்றேன்.

முதல் நாளே டாக்டர் பேச்சு. நான் கம்பெனியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து பார்த்தால் கூட்டம் கூடியிருக்கிறது, டாக்டரைக் காணோம். போன் போட்டேன். "எந்தப் பேச்சு? ஓ, அந்தப் பெரியவர் கேட்டாரே, பார்க்கலாம்னு சொன்னேன்" என்றார். பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால் அதை வருகிறேன் என்று காதில் வாங்கிக்கொள்வது உன் பழக்கம். உன் காது செய்த தப்புக்கு மாட்டிக்கொண்டவன் நான். கூட்டத்துக்கு முன்னால் நின்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். முன்வரிசையில் ஒருவர், "வந்தது வந்துட்டோம், நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். சர்க்கரை வியாதியைப் பற்றி நான்! டீயில் கூடுதலாக ஒரு ஸ்பூன் போடச்சொல்லி வாங்கிக் குடிக்கிறவன்! சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரையை மறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கதை. அதே நேரத்துக்கு நீ இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். கன்னடத்தில் கதை சொல்ல ஒரு டீச்சரம்மா வந்தார். தமிழில் சொல்ல அல்சூரிலிருந்து ஒரு ஐயா வேட்டி கட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்தார். இருந்ததோ ஒரே ஹால், ஒரே மைக். "சர்க்காரி லைப்ரரியில மொதலு கன்னடம்தான்" என்று ஓர் அப்பா ஆரம்பித்தார். "அப்ப எங்களுக்கு எப்பவும் கடைசிதானா?" என்று இன்னொருவர் எழுந்தார். இரண்டு பேரும் ஒரே தெருக்காரர்கள், மச்சான். தினமும் ஒரே கடையில் பால் வாங்குகிறவர்கள்.

கடைசியில் டீச்சரம்மா முதலில் சொன்னார். பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு எது வீட்டு மொழி என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஐயாவின் முறை வந்தபோது மணி ஆகிவிட்டது. பாதிப் பேரை அம்மாக்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மீதிப் பேருக்குச் சொல்லி முடித்துவிட்டு, கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்தார். வாசல் வரை கூடவே போனேன். "எத்திராஜ் கூப்பிட்டார்னு வந்தேன்" என்றார், அவ்வளவுதான். நீ இருந்திருந்தால் இரண்டு பேர் தோளிலும் கையைப் போட்டு, ஏதோ பேசிச் சிரிக்க வைத்து அனுப்பியிருப்பாய். எனக்கு அது வரவில்லை. எனக்கு வராது என்று உனக்குத் தெரியாதா?

செல்போன் வகுப்புக்கு வந்தவர்கள் யாரும் கற்றுக்கொள்ள வரவில்லை. கேஸ் புக் ஆகவில்லை, பேரன் போட்டோ காணாமல் போய்விட்டது என்று போனை என் கையில் திணித்தார்கள். யோகா நடந்த அன்றைக்கு, தினமும் பேப்பர் படிக்க வருகிற பை சார் என்னை மடக்கினார். உன்னோடு எப்போதும் தலையங்கச் சண்டை போடுவாரே, அவர்தான். "ஏன்ரீ, இது லைப்ரரியா, கல்யாண மண்டபமா? உக்காந்து படிக்க ஒரு குர்ச்சி இல்ல" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். படிக்கிற இடத்தைக் காப்பாற்றுவதற்கு, படிக்க விடாமல் ஒரு மாசம் கூத்தடிக்க வேண்டியிருக்கிறதே, இது என்ன வழி? இதையெல்லாம் நீ யோசித்தாயா?

சரி, ஒன்றே ஒன்று ஒழுங்காக நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். கன்னட எழுத்து வகுப்பு.

அதை ரூபா மேடமே எடுத்தார். சரளா புடவை மாற்றிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, "இந்த வயசுல உனக்கெதுக்கு?" என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறாள். காய்காரியிடம் கன்னடத்தில் பேரம் பேசுவாள், கன்னடத்தில் சண்டையும் போடுவாள். பஸ் போர்டு மட்டும் படிக்கத் தெரியாது. "யாராவது போகணுமில்ல? ஆள் இல்லன்னா எங்கண்ணனுக்குத்தானே அசிங்கம்" என்றாள். உன் அசிங்கத்தைக் காப்பாற்றப் போனவள் ஒரு வகுப்பும் விடவில்லை.

இரண்டாவது வாரம் அவளைக் கூட்டிவரப் போனேன். கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே பலகையில் ரூபா மேடம் ஓர் எழுத்தை எழுதியிருந்தார், வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்த மாதிரி. நம் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கிற நசீமா, "ஐயோ அல்லா, இது என்னா மேடம், முட்டக்கண்ண வெச்சிக்கினு மொறைக்குது! எங்க வூட்டுக்காரர் மாதிரி!" என்றாள். ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடையது என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. சரளாவுடையது. நீ போன பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. உள்ளே போகாமல் அப்படியே நின்றேன். நான் போனால் நிறுத்திவிடுவாளோ என்று இருந்தது.

அதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று நினைக்காதே. கடைசி நாள் நடந்ததைக் கேள்.

கடைசி நாளன்று அதிகாரி வருவதாக ஏற்பாடு. அவர் வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் நேர நீட்டிப்பை முடிவு செய்ய வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லியிருந்தோம். ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வீடு வீடாகப் போகிறவனா நான்? நசீமா அவள் கடைக்கு வருகிற பெண்களிடமெல்லாம் சொன்னாள். பை சார்கூடத் திட்டிக்கொண்டே அவருடைய மாலை நடைக் கூட்டாளிகளிடம் சொன்னார். கம்பெனியில் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகப் பர்மிஷன் வாங்கினேன். கம்பெனி இருக்கிற பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் ரோடு நெரிசலில் பஸ் ஊர்ந்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

வழியில் ரூபா மேடம் போன். அதிகாரி மத்தியானமே வந்துவிட்டாராம். சாயங்காலம் வேறு எங்கேயோ திறப்பு விழாவாம். அதனால் இதை முன்னாடியே முடித்துக்கொள்ளலாம் என்று வந்தாராம். ஹாலில் பை சார் மட்டும் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜன எல்லிதாரம்மா?" என்று கேட்டாராம். ஜனங்கள் எங்கேயம்மா என்று! எங்கே இருப்பார்கள்? வேலைக்குப் போயிருந்தார்கள். வேலைக்குப் போகிறவனுக்காக நேரத்தை நீட்டுங்கள் என்று கேட்டால், வேலை நேரத்தில் வந்து பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று போகிறார்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? நீயே சொல், மச்சான்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஹாலில் நிற்க இடமில்லை. நசீமா, அவள் மாமியார், மார்க்கெட்காரர்கள், யூனிபாரத்தோடு செக்யூரிட்டி ஆட்கள், பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் சனிக்கிழமை சண்டை போட்ட இரண்டு அப்பாக்களும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க வேண்டிய ஒரே ஒருவர் மட்டும் இல்லை.

அத்தனை பேர் முன்னால் நான் ரூபா மேடத்திடம் கத்தினேன். "கொஞ்ச நேரம் அவரை உக்கார வெக்கத் தெரியாதா உங்களுக்கு? ஒரு மாசம் நாயா அலைஞ்சனே!"

அவர் குரலை உயர்த்தவில்லை. "நானு ஏன் மாட்லி சார், நான் என்ன செய்ய? டீ வரவழைச்சேன், குடிக்கல. ரிஜிஸ்டர் காட்டறேன்னேன், பாக்கல" என்றார். பிறகு, "எத்திராஜ் சார் இருந்திருந்தா பேச்சுக் குடுத்தே நிக்க வெச்சிருப்பாரு. எனக்கு அது பர்லில்ல சார்" என்றார். எனக்கு அது வரவில்லை என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும்தான் வரவில்லை மேடம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாடிப்படி ஏறினேன். உன் ரூம் கதவைத் தட்டினேன், மச்சான். பலமாகத் தட்டினேன். "வெளிய வாடா" என்று சொல்லிக்கொண்டே தட்டினேன். உன்னை நிற்க வைத்து, என்னை எங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டிருக்கிறாய் பார் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. உள்ளே ரேடியோச் சத்தம் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கீழேயிருந்து சரளா கேட்டாள். "சாவி வேணுமா?"

வேணாம் என்றேன். அவள் மேலே ஏறி வந்தாள். படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ போன அன்றும் நான் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. ஆள் அனுப்புவது, சாமான் வாங்குவது, வந்தவர்களைக் கவனிப்பது என்று ஓடிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குத்தான் அழுதேன். உன் தங்கச்சி என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் எனக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டது பார்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. பொதுமக்கள் வருகை போதுமானதாக இல்லாததால் நேர நீட்டிப்புக்கு இப்போது வழியில்லை என்று. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கேட்டதும் வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

ரூபா மேடத்திடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் பேசினார். புத்தகக் கணக்குப் பார்க்கிற வேலை நிறைய பாக்கி இருக்கிறதாம். செவ்வாயும் வியாழனும் அதற்காக எப்படியும் இரவு வரை இருக்கப்போகிறாராம். விளக்கு எரியும், கதவும் திறந்திருக்கும், வேண்டுமென்கிறவர்கள் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் உதவியாளர் போய்விடுவார். அதனால் வாசலில் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும்.

"யாரு மேடம்?" என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னலைப் பார்த்தேன், பீரோவைப் பார்த்தேன், பேப்பர் படிக்கிற பை சாரைப் பார்த்தேன். பை சார் பேப்பரை இறக்காமலே, "உம் அன்றீ தயாளன்" என்றார். சரி என்று சொல்லித் தொலையுங்கள் என்று அர்த்தம்.

அந்த இரண்டு நாளும் இப்போது காலை ஷிப்டு கேட்டு வாங்கியிருக்கிறேன். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறேன். சரளா டிபன் கட்டித் தருகிறாள். பஸ் ஸ்டாப்பில் வந்த பஸ்ஸின் கன்னடப் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன் என்று ஒருநாள் சொன்னாள். பேர் முடிவதற்குள் பஸ் போய்விட்டதாம்.

போன வியாழக்கிழமை வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் வந்தார்கள். கடையைச் சாத்திவிட்டு நசீமா வந்தாள். செக்யூரிட்டி ஆள் ஒருவர் டியூட்டிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "சும்மா உக்காரலாங்களா?" என்று கேட்டார். உட்காருங்கள் என்றேன். மின்விசிறிக்கு அடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். படித்தால்தான் ஆயிற்றா என்ன?

எனக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. முதுகு வலிக்கிறது. தூக்கம் போதவில்லை. நியாயமாகக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல், ஒரு பெண்பிள்ளையின் நல்ல மனசை நம்பி வாரத்தில் இரண்டு நாள் கதவு திறந்திருக்கிறது. அவரை மாற்றிவிட்டால் அதுவும் போச்சு. இதற்குப் பெயர் ஜெயித்ததா, தோற்றதா? நீ இருந்தால் ஜெயித்தது என்று சாதிப்பாய். நான் தோற்றது என்பேன். சாப்பாடு ஆறுகிற வரை நம் சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்கு இப்போது எனக்கு ஆள் இல்லை.

மறுபடியும் எழுதிக் கேட்டிருக்கிறோம். இந்தத் தடவை அதிகாரி எப்போது வந்தாலும் அவரை நிற்க வைக்கிற மாதிரி பேசிப் பழகிக்கொள்கிறேன். வராத பேச்சு, ஆனாலும் பழகுகிறேன். அதுவரைக்கும் செவ்வாயும் வியாழனும் அந்த வாசலில் நான் இருப்பேன். இன்னும் யார் யாருக்கு என்னென்ன வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாயோ எனக்குத் தெரியாது. நீ சொன்னாய் என்று வருகிற யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன், மச்சான். உட்கார வைப்பேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு உன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டவன்,
உன் மச்சான் தயாளன்